எட்டு தசாப்தம் தாண்டியும் பறக்கும் கேப்டன் மார்வெல்

1941 மார்ச். ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் களத்தில் இறங்கவில்லை. அப்போது ரிபப்ளிக் ஸ்டுடியோ ‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்’ என்ற தொடர்படத்தை வெளியிட்டது. மொத்தம் 12 பாகங்கள். தியேட்டரில் வாரத்துக்கு ஒன்று. வில்லியம் விட்னியும் ஜான் இங்கிலீஷும் இயக்க, டாம் டைலர் நாயகனாக நடித்தார். (இந்த கேப்டன் மார்வெல், இன்று ‘ஷஸாம்’ என்று அழைக்கப்படும் காமிக்ஸ் சூப்பர்ஹீரோ; மார்வெல் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல் வேறு.) கதை சாதாரணம்தான். தேள் முகமூடி வில்லன் ஒருவன், அவன் தேடும் அபூர்வக் கண்ணாடி வில்லைகள், பாகத்துக்குப் பாகம் ஓர் ஆபத்து. ஆனால் நாயகன் பறக்கும் காட்சிகள் இன்றைக்குப் பார்த்தாலும் நம்ப வைக்கின்றன. எப்படி?

பறப்பது டைலர் அல்ல, ஒரு பொம்மை. ரிபப்ளிக்கின் தந்திரக்காட்சி நிபுணர்களான லைடெக்கர் சகோதரர்கள், ஹோவர்டும் தியோடரும், காகிதக் கூழில் அதைச் செய்தார்கள். உயரம் சுமார் 7 அடி, எடை ஏறத்தாழ 7 கிலோ. கைகளை முன்னே நீட்டி, முதுகை வளைத்துப் பாயும் தோற்றம். தோள்களில் இரண்டு, கெண்டைக்காலில் இரண்டு என நான்கு சிறு கப்பிகள். இணையாகச் சரிவாகக் கட்டிய இரண்டு கம்பிகளில் அந்தக் கப்பிகளை மாட்டிவிட்டால், பொம்மை தன் எடையாலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஒற்றைக் கம்பியில் தொங்கினால் பக்கவாட்டில் ஆடியிருக்கும். இரண்டு கம்பி, நான்கு பிடி என்பதால் உடம்பு அசையாமல் நேராகப் போகிறது.

பொம்மை இவ்வளவு லேசாக இருந்ததுதான் விஷயமே. துணி காயப்போடும் கொடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், ஈரத்துணி விழுந்ததும் நடுவில் தொய்யும். தொய்வைக் குறைக்கக் குறைக்கக் கொடியின் இழுவிசை எகிறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் நீளக் கம்பி, நடுவில் அரை மீட்டர் தொய்வு என்று வைத்துக்கொண்டால், இழுவிசை சுமையைப் போல் சுமார் 15 மடங்கு. 7 கிலோ பொம்மைக்கு 105 கிலோ. இரண்டு கம்பிகளும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 50 கிலோ சொச்சம். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய உறுதியான எஃகுக் கம்பியே இதைத் தாங்கிவிடும். தூரத்து கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. அதே இடத்தில் 75 கிலோ மனிதரைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு கம்பியிலும் 560 கிலோ. மூன்று மடங்குக்கும் மேல் தடித்த கம்பி வேண்டும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரிவில் இறங்கலாம், மேலே ஏறுவது எப்படி? பொம்மையைக் கால் முன்னே போகும்படி பின்னோக்கி இறக்கிப் படமாக்கி, ஃபிலிமைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி ஓட்டினார்கள். இதில் இயற்பியல் கை கொடுக்கிறது. கீழே வரும்போது வேகம் கூடும். திருப்பி ஓட்டினால் மேலே போகப்போக வேகம் குறையும். மேலே எறிந்த கல்லும் அப்படித்தான் போகிறது என்பதால் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் காற்று இந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்படாது. பின்னோக்கி இறங்கும் பொம்மையின் முதுகில் தொங்கும் அங்கியைக் காற்று தலைப்பக்கம் தள்ளும். அதைத் திருப்பிப் போட்டால், ஏறுகிற வீரரின் அங்கி அவருக்கு முன்னால் பறக்கும். காலம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை அந்தத் துணி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அங்கியில் எடை வைத்து அடக்கினார்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த சாமர்த்தியம் இதுதான்.

பொம்மையின் முகம் அசையாது, கை மடங்காது. எனவே எழும்பும்போதும் தரையிறங்கும்போதும் டூப் டேவிட் ஷார்ப் குதிப்பார். அண்மைக் காட்சியில் டைலர். இந்த மூன்றையும் எடிட்டிங்கில் கோத்திருக்கும் விதம் அபாரம்.

படத்தில் எல்லாமே காலத்தைத் தாண்டி நிற்கவில்லை. முதல் பாகத்தில் தப்பி ஓடுகிறவர்களை நாயகனே இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். சயாம் (இன்றைய தாய்லாந்து) மக்களைக் காட்டியிருக்கும் விதமும் மனம் கசக்க வைக்கிறது. பறக்கும் காட்சிகளுக்கு மட்டும் வயதாகவில்லை. 1948-இல் கொலம்பியா எடுத்த ‘சூப்பர்மேன்’ தொடர்படத்தை அடுத்துப் போட்டுப் பாருங்கள். அதில் நாயகன் பறக்கத் தொடங்கியதும் கார்ட்டூனாக மாறிவிடுகிறார்: சுற்றிலும் நிஜ வெயில், நடுவில் வரைந்த உருவம். லைடெக்கர்களின் பொம்மை நிஜ வெயிலிலேயே பறந்தது. வெளிச்சமும் நிழலும் அதன் மேல் தானாக விழுந்தன.