அரண்மனைத் தொப்பி ஏன் நழுவுவதில்லை?

2011 ஏப்ரல் 29 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இளவரசர் வில்லியமின் திருமணம் நடந்தபோது, மணமகளின் உடைக்கு அடுத்தபடியாக ஊர் பேசியது இளவரசி பீட்ரிஸின் தலையில் இருந்த ஒரு பொருளைப் பற்றித்தான். அயர்லாந்தில் பிறந்த தொப்பிக் கலைஞர் பிலிப் டிரேசி செய்த அந்த வளைவும் முடிச்சும் அவருடைய நெற்றிக்கு மேலே செங்குத்தாக எழுந்து நின்றன. கேலி செய்தவர்களுக்குக் குறைவில்லை. அடுத்த மாதமே அது இணைய ஏலத்தில் 81,100 பவுண்டுக்கு விற்று, அந்தப் பணம் குழந்தைகள் நல அமைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தலையைச் சுற்றிக் கவியாமல், நெற்றியின் மேல் வெறுமனே அமர்ந்திருந்த அப்பொருள் சரிந்து விழாமல் இருந்தது எப்படி என்பதை மட்டும் கேலியிலும் ஏலத்திலும் பலர் கேட்க மறந்துவிட்டார்கள்.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, இலேசான பொருளொன்று தன் வடிவத்தைத் தானே தாங்கி நிற்க வேண்டும். மற்றொன்று, அப்படி நிற்பது தலையை விட்டு அகலாதிருக்க வேண்டும்.

கோடைக்கால விழாக்களில் பிரிட்டிஷ் அரச குடும்பப் பெண்கள் அணியும் தொப்பிகளில் பெரும்பாலும் காணப்படும் துணிக்குச் சினமாய் என்று பெயர். நம் காதுக்குக் கோபமாக ஒலித்தாலும், இது பிலிப்பைன்ஸ் நாட்டில் அபாக்கா என்ற செடியின் மட்டையிலிருந்து உரித்த நாரைக் கொண்டு நெய்வது. அபாக்கா வாழைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே, அதன் குணம் பூக்கட்டுபவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். காய்ந்த வாழைநார் மடக்கினால் ஒடியும், தண்ணீரில் நனைத்தெடுத்தால் விரலுக்கு வளையும். நாரின் செல்லுலோஸ் இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் எண்ணற்ற சிறு பிடிமானங்களால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கிடையே புகுந்ததும் அப்பிடிமானங்கள் தளர்கின்றன. நீர் வெளியேறியதும், இழைகள் அந்நேரம் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதே நிலையில் புதிதாகப் பற்றிக்கொள்கின்றன.

தொப்பிக் கலைஞர் செய்வது இதைத்தான். தலையின் வடிவில் கடைந்த மர அச்சின் மேல் இரண்டு மூன்று அடுக்காகச் சினமாயை விரித்து, நீராவி காட்டி, இழுத்து, குண்டூசிகளால் இறுக்கிக் காயவிடுகிறார். இழுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நெய்த துணி, நீளவாக்கு நூலான பாவின் திசையிலோ, குறுக்குவாக்கு நூலான ஊடையின் திசையிலோ அதிகம் நீளாது; அவ்விரண்டுக்கும் குறுக்காக, 45 பாகைச் சாய்வில் இழுத்தால் மட்டுமே அதன் கட்டங்கள் சதுரத்திலிருந்து சாய்சதுரமாக மாறித் துணி விட்டுக்கொடுக்கும். தட்டையான துணி ஒரு மடிப்புமின்றி அரைக்கோளமாக மாறுவது இந்த விட்டுக்கொடுப்பினால்தான். பிறகு, பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவதைப் போலவே, விறைப்பூட்டும் பசை தடவப்படுகிறது. முற்காலத்தில் இதற்கு ஜெலட்டினும் அரக்கும் பயன்பட்டன. இப்போது செயற்கைப் பசைகளும் வந்துவிட்டன. விளிம்பின் ஓரத்தில் மெல்லிய கம்பி ஒன்று மடித்துத் தைக்கப்படுகிறது. தட்டையாகப் பிடித்த தாள் தொங்கிப்போகும், அதையே சற்று வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும் அல்லவா? வளைவே பாதி வலிமையைத் தந்துவிடுவதால், சில நூறு கிராமுக்குள் ஒரு சிறு கூரையையே எழுப்ப முடிகிறது.

குளிர்காலத்துக்கு உரியது ஃபெல்ட். இது நெய்வதன்று, முயல் முடியையோ கம்பளி முடியையோ ஒன்றோடொன்று பின்னிப் பிணையச் செய்வது. விலங்கு முடியின் மேற்பரப்பில், ஓட்டுக் கூரையின் ஓடுகளைப் போல, நுனியை நோக்கிச் சாய்ந்த நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரில் நனைத்துக் கசக்கும்போது ஒவ்வொரு முடியும் வேர்ப்பக்கமாக எளிதில் நகரும், எதிர்ப்பக்கம் நகர முயன்றால் செதில்கள் மாட்டிக்கொள்ளும். முன்னே மட்டும் போய்ப் பின்னே வர முடியாத ஆயிரக்கணக்கான முடிகள் இறுகி இறுகிக் கெட்டியான படலமாகின்றன. முயல் முடியின் செதில்கள் போதிய அளவு எழும்புவதில்லை என்பதால், பல தலைமுறைகளாகப் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவி அவற்றை எழுப்பினார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் தொப்பித் தொழிலாளர்கள். ஆவியாகிய பாதரசத்தைச் சுவாசித்து அவர்களுக்குக் கைநடுக்கமும் மனக்குழப்பமும் வந்தன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொப்பிக்குப் பெயர்பெற்ற டான்பரி நகரில் அந்நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரையே சூட்டியிருந்தார்கள். அந்நாட்டில் 1941 வரை இவ்வழக்கம் நீடித்தது.

அரச குடும்பத்துத் தொப்பிக்கு வேறெந்தத் தொப்பிக்கும் இல்லாத ஒரு நிபந்தனை உண்டு: அணிந்தவரின் முகம் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும். இது எளிய வடிவியல். ஜூன் மாத நண்பகலில் லண்டனில் சூரியன் ஏறத்தாழ 62 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது நெற்றியிலிருந்து 10 செ.மீ. முன்னே நீண்ட ஒரு தட்டையான விளிம்பு கீழ்நோக்கிச் சுமார் 19 செ.மீ. நீளத்துக்கு நிழல் வீழ்த்தும்; அதாவது முகவாய்க்கட்டை வரை முழு முகமும் இருளில் போய்விடும். இரண்டாம் எலிசபெத் அரசியின் தொப்பிகளில் பலவும் குறுகிய விளிம்பு கொண்டவையாகவோ, முன்பக்கம் மேல்நோக்கி மடிந்தவையாகவோ இருந்ததற்கு இக்கணக்கே போதுமான விளக்கம்.

எந்த விளிம்பாலும் ஈடுசெய்ய முடியாத நிலையும் ஒருமுறை ஏற்பட்டது. 1991 மே 14 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில், உயரமான அதிபர் புஷ்ஷுக்காக அமைத்த மேடைப் பீடத்தின் பின்னால் அரசி நின்று பேசியபோது, ஒலிவாங்கிகளுக்கு மேலே கேமராக்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் அவருடைய தொப்பிதான். இரண்டு நாள் கழித்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசத் தொடங்கிய அரசி, இருக்கும் இடத்திலிருந்து இன்று தம்மைப் பார்க்க முடிகிறது என நம்புவதாகச் சொன்னதும் அவை சிரித்து அடங்கச் சற்று நேரமாயிற்று.

இனிக் காற்று. விளிம்பின் விட்டம் 40 செ.மீ., தலையைக் கவியும் நடுப்பகுதியான தலைக்கூட்டின் விட்டம் 18 செ.மீ. என்று கொண்டால், விளிம்பின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர செ.மீ. ஆகும். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று அதன் அடிப்பக்கத்தை நேராகத் தாக்கினால், கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 150 கிராம் எடைக்குச் சமம். தொப்பியின் சொந்த எடையே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். வேகம் இருமடங்காகி 36 கி.மீ. ஆனால், விசை நான்கு மடங்காகி 600 கிராமைத் தொடும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மெல்லிய தென்றலில் அசையாமல் இருந்த தொப்பி, தேவாலய வாசலில் திடீரென்று வீசும் ஒரு காற்றுக்கு அப்படியே எழும்பிவிடுகிறது. எடையை நம்பிப் பயனில்லை, கட்டிப்போட வேண்டும்.

கட்டும் முறைகள் பார்வைக்குத் தெரியாதபடி அமைந்தவை. அகன்ற தொப்பிக்கு நீண்ட ஊசி உண்டு: அது தொப்பியைத் துளைத்து, உள்ளே ஒரு கற்றை முடியைக் கோத்து, மீண்டும் தொப்பியின் வழியே வெளிவரும். ஒற்றைத் தலைமுடி ஏறத்தாழ 100 கிராம் எடையைத் தாங்கும் என்பதால், ஊசியில் சிக்கிய சில நூறு முடிகள் எந்தக் காற்றுக்கும் போதும். கொண்டையில் ஊசி செருகிப் பூ வைத்துப் பழகியவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. சிறிய தலையணிகளுக்குப் பெரும்பாலும் முடியின் நிறத்திலேயே மெல்லிய எலாஸ்டிக் தைக்கப்படுகிறது. அது தாடைக்குக் கீழே போவதில்லை. காதுகளுக்குப் பின்னால் இறங்கி, பின்மண்டையின் புடைப்புக்குக் கீழே, பிடரியை ஒட்டி முடிக்குள் மறைந்துகொள்கிறது. புடைப்புக்குக் கீழே மண்டை உள்வாங்குவதால், எலாஸ்டிக் மேலே நழுவ முயன்றால் அது மேலும் நீள வேண்டியிருக்கும். நீள நீள அதன் இழுவை கூடும். நெற்றியின் மேல் அமர்ந்த கனம் முன்னே சாய முற்படும்போது பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது இதுவே.

ராயல் ஆஸ்கட் குதிரைப் பந்தயத்தின் அரச வளாகத்தில் 2012 முதல் நடைமுறைக்கு வந்த உடை விதி இங்கு கவனிக்கத்தக்கது. தொப்பிக்குப் பதிலாகத் தலையணி அணிபவர்களுக்கு அதன் கெட்டியான அடித்தளத்தின் விட்டம் குறைந்தது 10 செ.மீ. இருக்க வேண்டும் என்றும், ஃபாசினேட்டர் எனப்படும் சிறு இறகுக் கொத்துகளுக்கு அனுமதியில்லை என்றும் அது கூறுகிறது. விதி வகுத்தவர்கள் நினைத்தது விழாவின் மரியாதையை. ஆனால் இயற்பியல் அவர்கள் பக்கம் நிற்கிறது. இறகு காற்றில் சாயும்போது தலையணி தன் அடித்தளத்தின் ஓரத்தை ஊன்றிக் கவிழப் பார்க்கிறது, எலாஸ்டிக் அதை மையத்தில் பிடித்துக் கீழே இழுக்கிறது. அடித்தளம் 5 செ.மீ. ஆனால் அந்த இழுவைக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் இரண்டரை செ.மீ. மட்டுமே, 10 செ.மீ. ஆனால் ஐந்து. பிடரியில் அதே எலாஸ்டிக் அதே இறுக்கத்தில் இருந்தாலும், அகன்ற அடித்தளம் காற்றின் இருமடங்கு விசையைத் தாங்கும். குறுகியதை அணிந்தவர் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் மட்டுமே குலுக்க முடியும்.