பள்ளிக்கு மருத்துவக் குழு வந்துபோன பிறகு என்ன செய்ய வேண்டும்?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அப்பா, அம்மா பெங்களூரில் கட்டட வேலை. இவள் பாட்டி வீட்டில். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியவளுக்கு, 'படிப்பு ஏறாது' என்று பேர் வைத்துவிட்டார்கள். மருத்துவக் குழு வந்த அன்று அவளுக்குக் காய்ச்சல். ஒரு வருடம் வீணாகப் போனது.

மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் இந்தத் திட்டத்துக்குப் பேர் ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்). 2013 முதல் நடக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வருடம் ஒரு முறை, அங்கன்வாடியில் இரண்டு முறை பரிசோதனை. 18 வயது வரை சிகிச்சையும் இலவசம். தனியார் பள்ளிப் பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள்.

அன்று லீவு போட்ட பிள்ளையைத் தேடி வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். குழு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்தது என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, நீங்களே அழைத்துப் போங்கள்.

மேல்சிகிச்சைக்கு எழுதித் தரும் சீட்டு பெரும்பாலும் புத்தகப் பைக்குள்ளேயே கிழிந்துபோகிறது. கைக்கு வந்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண் டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்; ஒரு நாள் கூலி போய்விடும். இந்தத் திட்டத்துக்கு வருமான வரம்பே இல்லை. பரிசோதனைக்கு வருமானச் சான்று கேட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கு விரட்டினால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் அங்கிருந்தே அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் பேசுங்கள்.

வருடத்தில் ஒரே ஒரு நாள், சில நிமிடம் பார்ப்பதில் எல்லாம் தெரிந்துவிடாது. தன் உடம்பில் என்ன கோளாறு என்று பிள்ளைக்கே சொல்லத் தெரிய வேண்டும். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வாரம் ஒரு வகுப்பு எடுக்கும் சுகாதாரத் திட்டம் 2020-ல் வந்தது. அதையும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளியில் கேட்டால் 'எங்களுக்கு இல்லை' என்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். நம் பள்ளியிலும் இப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.

இதற்கு நிதி வேண்டாம். பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் மஞ்சள்தூளைத் தடவி எல்லோரையும் கைகுலுக்க விடுங்கள். கிருமி எப்படிப் பரவுகிறதென்று கண்ணால் பார்ப்பார்கள். கண்ணாடியில் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளூரைடு அதிகம். பழுப்புக் கோடு தெரிந்தால், ஒழுங்காகப் பல் விளக்கவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளூரைடு போகாது. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைத் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும் என்று பிள்ளைகளே பாட்டியிடம் போய்ச் சொல்லட்டும்.