கீறல்தானே, சார்!

போன வருடம் சீத்தாப்பழ சீசனில், ஒரே வாரத்தில் இரண்டு பேர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் அடிபட்டது ஜவ்வாது மலைக் காட்டில்.

முதல் ஆளை 108 கொண்டுவந்தது. தேன் பார்க்கப் போனவர். பாறை முனையைத் திரும்பியதும் எதிரே கரடி. நெற்றியிலிருந்து பின்பக்கமாகத் தலைத்தோல் பிய்ந்துவிட்டது. அதைத் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு ரோடு வரை தானே நடந்து வந்திருக்கிறார். கேஷுவாலிட்டியில் துண்டை அவிழ்த்தபோது ஹவுஸ் சர்ஜன் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான். கழுவி, ஊசிகளைப் போட்டு, மேல்சிகிச்சைக்கு வேலூருக்கு அனுப்பினோம். இப்போது நன்றாக இருக்கிறார். ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். நாம் சொல்லும் எதையும் நம்பாதவர் மாதிரி ஒரு பார்வை.

இரண்டாவது ஆள் தனக்கென்று வரவே இல்லை. மகனுக்குக் காய்ச்சல் என்று ஓ.பி.க்கு வந்த ஆட்டுக்காரர் அவர். பையனின் நெஞ்சில் ஸ்டெத் வைக்கக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற அப்பாவின் கெண்டைக்காலில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சுண்ணாம்பு.

"இன்னாங்க அது?"

"நாயி சார். மேல காட்டுல ஆட்ட ஓட்டிகினு வரசொல்ல வந்து வுழுந்துச்சு. கீறல்தான் சார்."

"எத்தன நாளாச்சு? ரத்தம் வந்துச்சா?"

"ஒம்போது நாளு இருக்கும். லேசா வந்துச்சு. கடிச்சாதான சார் ஊசி? இது கீறல்தான!"

அன்று இரவு எனக்குத் தூக்கம் கெட்டது கரடிக்காரரை நினைத்து அல்ல, இவரை நினைத்துத்தான். கரடிக் காயத்தை யாராலும் மறைக்க முடியாது, அது தானாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். கீறல் வராது. பையனுக்குக் காய்ச்சல் வந்திருக்காவிட்டால் இவரும் வந்திருக்க மாட்டார்.

காட்டில் நடப்பது என்றதும் ஷூவும் முதுகுப்பையும் போட்ட மலையேற்றக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கம் அவர்கள் கொஞ்சம்தான். ஆடு மாடு ஓட்டுகிறவர்கள், சுள்ளி பொறுக்கும் பெண்கள், புளி உலுக்குகிறவர்கள், பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏறும் பக்தர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அமிர்திக்கும் ஜலகம்பாறைக்கும் பைக்கில் கிளம்பும் பையன்கள். எல்லோருக்கும் பயம் சிறுத்தை மேல். என் ஓ.பி.யில் வந்து நிற்பது நாய்க்கடி.

காட்டுக்குள் நாய் எங்கிருந்து வருகிறது? மந்தையோடு போனது சில, வளர்க்க முடியாமல் மலைப்பாதை ஓரம் யாரோ இறக்கிவிட்டுப் போனது சில. இரண்டு தலைமுறை அங்கேயே குட்டி போட்டால் மனிதனைக் கண்டு வாலாட்டும் பழக்கம் போய்விடும். கோடையில் தண்ணீர் தேடி அடிவாரத்துக்கு இறங்கும் புள்ளிமான்களைக் கூட்டமாகத் துரத்திக் கடிப்பது இவைதான். மானை விரட்டிப் பழகிய நாய்க்கு ஓடுகிற எதுவும் மான்தான். நீங்களும்தான்.

ஆகவே ஓடாதீர்கள். நின்றுவிடுங்கள். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். ஒற்றை நாய் என்றால் கல் எடுக்கக் குனிவதுபோல் பாவனை செய்தாலே பெரும்பாலும் விலகிவிடும். நம் ஊர் நாய்களுக்கு அந்தக் குனிவின் அர்த்தம் தாய்ப்பாலோடு வந்தது. கூட்டமாக இருந்தால் மட்டும் குனியாதீர்கள், உங்கள் முகம் அவற்றின் உயரத்துக்கு இறங்கிவிடும். கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

கரடி வேறு மாதிரி. அதற்கு நம்மைத் தின்னும் ஆசை கிடையாது. பார்வையும் மங்கல். கறையான் புற்றில் வாயை வைத்து அது உறிஞ்சும் சத்தம் தூரத்திலேயே நமக்குக் கேட்கும், ஆனால் அந்தச் சத்தத்தில் நாம் வருவது அதற்குக் கேட்காது. திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்ததும் பயத்தில் எழுந்து நின்று அடிக்கிறது. அடி விழுவது முகத்திலும் தலையிலும். அதனால் கரடி இருக்கும் மலையில் சத்தம் போடாமல் நடப்பது நல்ல பழக்கம் அல்ல. பேசிக்கொண்டே போங்கள், தடியால் பாறையைத் தட்டுங்கள், இருமுங்கள். மலைக்காரர்கள் வளைவுக்கு வளைவு 'ஏய்' என்று ஒரு குரல் கொடுப்பது மாட்டுக்காக மட்டும் அல்ல. ஆனால் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடக்கிறவரை என்ன சொல்வது?

தூரத்தில் கரடியைப் பார்த்தால் வந்த வழியே திரும்புங்கள். மரம் ஏறித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், அது நம்மைவிட நன்றாக ஏறும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைப் பின்கழுத்தில் கோத்து, முழங்கைகளால் முகத்தை மறையுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள். எங்கள் தேன்காரர் மல்லாக்க விழுந்தார். அதன் விலைதான் அந்தப் புருவம்.

காட்டுப்பன்றி தொடையில் குத்தும். வெளியே ஒரு ரூபாய் அளவு ஓட்டை தெரியும், உள்ளே விரல் நுழையும் ஆழம் இருக்கும். 'ரத்தம் நின்னுடுச்சே' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். குட்டிகளோடு வரும் பன்றிக்கு வழி விட்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். பன்றியால் வரும் இன்னொரு ஆபத்தைச் செய்வது மனிதன். அதை விரட்ட நிலத்தைச் சுற்றித் திருட்டுத்தனமாகக் கட்டிய மின்கம்பி. இருட்டில் காட்டோர வயலுக்குள் குறுக்கு வழி பிடிக்காதீர்கள். கொழுப்பு தடவிய உருண்டை மாதிரி ஏதாவது தரையில் கிடந்தால் தொடாதீர்கள். அது அவுட்டுக்காயாக இருக்கலாம், அதாவது நாட்டு வெடி.

பேரணாம்பட்டு, குடியாத்தம், மோர்தானா பக்கம் கதை வேறு. எல்லைக்கு அந்தப்புறம் ஆந்திராவின் கவுண்டின்யா யானைச் சரணாலயம். யானைக்கு மாநில எல்லை தெரியாது. அங்கே வனத்துறை போகாதே என்றால் போகக்கூடாது, எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். சிறுத்தை நடமாட்டம் சொல்லப்படும் ஊர்களில் விடியலிலும் அந்தி மங்கிய பிறகும் தனியாக ஒதுங்கப் போக வேண்டாம். குனிந்தோ குந்தியோ இருப்பவரைச் சிறுத்தை சின்ன விலங்கு என்று எண்ணிவிடுகிறது. பிள்ளைகளை நடுவில் விட்டு நடங்கள்.

குரங்கு பற்றி ஒரு வார்த்தை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தி வாழைப்பழம் நீட்டுகிறவர்கள்தான் அடுத்த அரை மணியில் விரலைப் பிடித்துக்கொண்டு மலை இறங்குகிறார்கள். அதற்கும் நாய்க்கடி ஊசிதான். சிரிக்காதீர்கள், நிஜமாகவே: பல்லைக் காட்டிச் சிரித்தால் குரங்கு அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

இனி, கடி விழுந்த பிறகு. முதல் மருந்து சோப்பு. வெறிநாய்க்கடி நோயான ரேபிஸின் வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கைக் கரைப்பதுபோல் சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவிப் பாருங்கள், 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் கேட்ட வரையில் எல்லோரும் கழுவியது ஒரு நிமிடம். காட்டில் குழாய் ஏது என்பீர்கள். பையில் இருக்கும் பாட்டில் தண்ணீரில் ஆரம்பியுங்கள், ஓடையோ முதல் போர்வெல்லோ வந்ததும் தொடருங்கள். சட்டைப்பையில் 10 ரூபாய் சோப்பு ஒன்று போதும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அவசரப்பட்டுத் தையலும் போடக்கூடாது. எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்து ஊசி. 'போட்டாச்சு சார்' என்பார்கள். சீட்டைப் பார்த்தால் டி.டி. மட்டும் போட்டிருக்கும். ஒரு சிறிய கிளினிக்கில் இப்படி டி.டி. போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிய ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை அவள் பாட்டி சந்தேகப்பட்டு எங்களிடம் இழுத்து வந்தார். டி.டி. என்பது டெட்டனஸ் எனும் ரணஜன்னிக்கு. நாய்க்கடி ஊசி வேறு. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளிலும் தோலுக்குள் கொஞ்சம். தசையில் போடும் முறை என்றால் 14-ஆம் நாளும் சேர்த்து ஐந்து. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-லேயே நிறுத்திவிட்டது. கர்ப்பிணியும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் கிடையாது. கருவாடு தாராளமாகச் சாப்பிடுங்கள்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காவலுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயே சுற்றிலும் ஏற்ற வேண்டும். காட்டு விலங்கு கடித்தால் காயம் எவ்வளவு சின்னது என்றாலும் இது உண்டு. 'நாயை 10 நாள் பார்க்கலாம்' என்பது கண்ணெதிரே இருக்கும் நாய்க்கும் பூனைக்கும்தான், அதுவும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான். காட்டு நாயை யார் போய் 10 நாள் பார்ப்பது? ரேபிஸ் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்தில் தலைகாட்டும், சிலருக்கு இன்னும் தாமதமாகவும் வரும். அதனால்தான் ஒன்பதாம் நாள் வந்த ஆட்டுக்காரரிடம் 'லேட்' என்று நான் சொல்லவில்லை, அன்றே இரண்டையும் போட்டோம். அறிகுறி தொடங்கிய பிறகு வந்தால் எங்களால் செய்ய முடிந்தது ஏறக்குறைய எதுவும் இல்லை.

காட்டு விலங்கு என்றால் கேஷுவாலிட்டியில் விலங்கின் பெயரைச் சொல்லி ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவு, பதியச் சொல்லுங்கள், வனத்துறைக்கும் அன்றே தகவல் கொடுங்கள். இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாள் இல்லாமல் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சின்னக் கடி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மழைக்குப் பிறகு புதரில் நடந்து வந்தவருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து விடாத காய்ச்சல், தலைவலி. இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருகிய புண். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்த இடம் அது. ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக்காய்ச்சல். வேலூர்ப் பக்கம் மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் வரை இது சகஜம். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்குக் கேட்கும். 'காட்டுக்குப் போனேன்' என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்துவிடலாம்.

ஆட்டுக்காரருக்கு ஊசி தொடங்கி மூன்று வாரம் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு காவலூர்ப் பக்கம் நடக்கப் போனேன். தோப்போரம் மூன்று நாய்கள். மேலே எழுதியதை எல்லாம் சரியாகச் செய்தேன், கடைசியில் ஒன்று மட்டும் பின்னால் வந்து ஜீன்ஸைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடியது. துணியை நீக்கிக்கூடப் பார்க்கவில்லை. இரவு குளிக்கும்போது கணுக்காலில் சோப்பு எரிந்தது. அரை அங்குலச் சிவப்புக் கோடு, அதன் நுனியில் மிளகு அளவு காய்ந்த ரத்தம். ஜீன்ஸ் மேலேதானே பட்டது, பல்லா நகமா என்றுகூடத் தெரியாதே, காலையில் 60 பேர் ஓ.பி.யில் நிற்பார்களே என்றெல்லாம் மனசு வரிசையாகக் காரணம் சொன்னது. 20 வருடமாக மற்றவர்கள் என்னிடம் சொன்ன அதே காரணங்கள். ஈரத் தலையோடு குழாயடியில் காலை நீட்டி, 15 நிமிடம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஊசி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சீட்டோடு ஆட்டுக்காரர். அவருக்கு அன்று 28-ஆம் நாள்.

"இன்னா சார், இங்க குந்திகினு கீறீங்க?"

"நாய்தாங்க. கீறல்தான்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் குனிந்து என் கணுக்காலைப் பார்த்தார்.

"ரத்தம் வந்துச்சா சார்?"