வைரத்தட்டில் அழுத்தக்கூடாது

யாழ்ப்பாணத்து நிலத்துக்கு அடியில் கிடப்பது சுண்ணக்கல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் அதன் கடினம் 3தான். கத்தி உருக்கை அதால் தேய்க்க முடியாது. கிணற்றுக்கட்டில் கத்தி தீட்டுப்படுவது சீமெந்தில் கலந்த மணலால். மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம் 7. ஆனால் அந்த மணல்மணிகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பல சீமெந்துக்குள்ளேயே புதைந்து கிடக்கும். அதனால்தான் அங்கே பலமாக அழுத்தித் தேய்க்கிறோம். அதே கைப்பழக்கத்தோடு, கத்தி தீட்டும் வைரத்தட்டைத் தொட்டால் தட்டுப் பாழ்.

வைரத்தட்டைக் கல் என்று சொல்வதே பொருத்தமில்லை. அது ஓர் உருக்குத் தகடு. அதன்மேல் செயற்கை வைரத்தூள் ஒரே படையாகப் பரவியிருக்கும். மின்முலாமாகப் பூசிய நிக்கல், அந்த வைரமணிகளின் கீழ்ப்பாகத்தைப் பிடித்திருக்கும். 1954 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் செயற்கை வைரம் உருவானதால்தான் இது குசினி வரை வந்தது. சாணைக்கல் தேயத்தேயப் புது மணிகள் வெளிவரும். இதில் ஒரு மணி பிடுங்குப்பட்டால் அடியில் இன்னொன்று இல்லை. வைரம் தேயமுன்னரே நிக்கலில் இருந்து கழன்றுவிடும். கழற்றுவது கையின் அழுத்தம். மோஸ் அளவில் 10 உள்ள பொருளுக்குக் கத்தியின் பாரமும் ஒரு விரலின் தாங்கலும் போதும்.

தட்டை ஈரத்துணியின் மேல் வைத்தால் வழுக்காது. மொட்டைக் கத்திக்கு 325 இலக்கத் தட்டு (மணி ஏறத்தாழ 45 மைக்ரோன்; ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று), பிறகு 600 (25 மைக்ரோன்), முடிவில் 1200 (9 மைக்ரோன்). 4 சென்ரிமீற்றர் அகலக் கத்தியின் முதுகை 1 சென்ரிமீற்றர் உயர்த்தினால் கோணம் 15 பாகைக்குக் கிட்ட வரும். மரக்கறிக்கு அது சரி. மீன் முள்ளோடு மல்லுக்கட்டும் கத்திக்கு 1.4 சென்ரிமீற்றர், அதாவது 20 பாகை. கோணத்தில் சந்தேகமா? கத்தி வாயில் மார்க்கர் பேனையால் கறுப்புப் பூசி, இரண்டே இரண்டு தரம் இழுத்துப் பாருங்கள். வாயோரம் கறுப்பு மிஞ்சினால் முதுகு தாழ்ந்திருக்கிறது. வாயோரம் மட்டும் அழிந்தால் முதுகு கூடுதலாக உயர்ந்துவிட்டது.

ஒரு பக்கத்தையே தீட்டிக்கொண்டு போனால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பும். பெருவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் வெளியே தடவினால் அது தடக்கும். நுனியிலிருந்து பிடி வரை அது எழும்பாமல் பக்கம் மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இதுதான். பிறகு மறுபக்கம், அடுத்த தட்டு. கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மெதுவாக இழுத்துப் பிசிறைக் கழற்ற வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தி தாளை வெட்டும், தக்காளித் தோலில் வழுக்கும். பழைய தோல் பெல்ற்றில் வாயைப் பின்னுக்கு விட்டு இழுத்தால் மிச்சமும் போய்விடும்.

புதுத்தட்டு முதலில் ஆழமாகக் கீறும். நீட்டி நிற்கும் மணிகள் அடங்கச் சில கத்திகள் போகவேண்டும். உட்புறம் வளைந்த அரிவாளுக்குத் தட்டையான வடிவம் எட்டாது. உருண்டை வைரக்கோல் வேண்டும். உருக்கைத் தீட்ட வைரச் சில்லை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் பூட்டுவதும் வீண். உருக்கு சூடேறினால் வைரத்தின் கரிமம் இரும்போடு கலந்து மணி கரைந்துபோகும். கைவேலையில் அந்தச் சூடு வராது.

தீட்டும்போது ஒரு சொட்டுச் சவர்க்காரம் கலந்த தண்ணீர் தெளித்தால் இரும்புத்தூள் மணிகளுக்கிடையில் அடையாது. முடிந்ததும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி உடனே துடையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். அது இடைவெளிகளை அடைத்தால் நல்ல தட்டும் தேய்ந்த தட்டுப்போல வழுக்கும்.