விஆர் கண்ணாடியை மாட்டும் முன் காலைக் கவனியுங்கள்

சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் மேலூரிலிருந்து என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு வந்த 34 வயதுப் பெண் ஒருவர், "முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் வாளி மேலேயே சாய்ந்துவிடுகிறேன், சார்" என்றார். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உறுதியாகியிருந்தது. உடன் வந்த தம்பி, புதிதாக வாங்கிய விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியைப் பெட்டியோடு மேசையில் வைத்து, அக்கா இதை மாட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்யலாமா என்று கேட்டார்.

செய்யலாம். ஆனால் என் தயக்கத்துக்குக் காரணம் அந்த வாளியில்தான் இருந்தது. இந்நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறையைச் சிதைக்கிறது. தண்டுவடத்தின் பின்பகுதி பாதிக்கப்பட்டவருக்குப் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரிவரப் போய்ச் சேராததால், அவர் கண்ணை நம்பியே நிற்கிறார். அந்தக் கண்ணையும் மறைத்து வேறோர் உலகத்தைக் காட்டும் கருவியை முதல் நாளே மாட்டி நிற்கவைத்தால் விழுவது நிச்சயம்.

ஆகவே தொலைக்காட்சித் திரையில் தொடங்கினோம். இருபுறமும் பிடித்துக்கொள்ளும் இணைகம்பிகளுக்கு நடுவே நின்று, திரையில் விழும் பழங்களை எட்டிப் பிடிக்கும் விளையாட்டு. பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி நான். வெறும் பயிற்சியாகச் செய்தபோது பத்தாவது முறையிலேயே சலித்துக்கொண்டவர், இதில் எண்ணிக்கையையே மறந்துவிட்டார். மெய்நிகர் பயிற்சியின் பலன் பெரும்பாலும் இதுதான்: சலிப்பில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதால் சமநிலை தேறுகிறது. சிதைந்த மயலினை அது வளர்க்காது. மருந்தை நிறுத்தவும் கூடாது. இரட்டைப் பார்வை, ஓயாத தலைசுற்றல் உள்ளவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கண்ணாடியைத் தொட வேண்டாம்.

இந்நோய் உள்ள மதுரைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, வெயில். உடல்சூடு அரை டிகிரி ஏறினாலே பார்வை மங்கலாம், கால் துவளலாம். 1890இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதைப் பதிவுசெய்தார். உடல் குளிர்ந்ததும் அது சரியாகிவிடும். மாறாக, புதிய தொந்தரவு ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெயிலைத் தவிர்க்க அந்தப் பெண்ணுக்குக் காலை ஏழு மணி ஒதுக்கினேன். பிடரியில் ஈரத்துண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு.

குளியலறைச் சுவரில் கைப்பிடி பதிக்கச் சொன்னதைத் தம்பி அந்த வாரமே செய்துவிட்டார். மூன்றாம் மாதத்தில்தான் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஐந்தே நிமிடம்.