காய்ந்த இலையைத் துரத்தும் மாப்பிள்ளை

ஐரோப்பாவில் கிரேலிங் என்றொரு பட்டாம்பூச்சி இருக்கிறது. மரப்பட்டை நிறம், சிறகை மூடி உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கோடையில் இதன் ஆண் பூச்சிகள் தரையிலோ மரத்திலோ உட்கார்ந்து பெண் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும், ஏதாவது கடந்துபோனால் விருட்டென்று எழுந்து பின்னாலேயே பறக்கும். அந்த 'ஏதாவது'தான் வேடிக்கை. பெண் கிரேலிங் போனாலும் துரத்தும், வேறு இனப் பட்டாம்பூச்சி போனாலும் துரத்தும், வண்டு, சின்னப் பறவை, உதிர்ந்து விழும் இலை, சில நேரம் தன் சொந்த நிழலைக்கூட விடாது.

இப்படிக் கண்டதையும் துரத்துகிற பூச்சிக்குத் தன் இனப் பெண் எது என்று எப்படித் தெரிகிறது?

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் இதை நெதர்லாந்தின் ஹூல்ஸ்ஹார்ஸ்ட் என்ற ஊர்ப் பக்கத்து மணல்வெளியில், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆராய்ந்தார். பின்னால், 1973-இல், நோபல் பரிசு வாங்கியவர். ஆனால் இந்த ஆராய்ச்சிக்கு அவர் கையில் இருந்த கருவி ஒரு குச்சி, கொஞ்சம் நூல், நுனியில் காகிதத்தில் வெட்டிய பட்டாம்பூச்சி, அவ்வளவுதான். தூண்டில் போடுகிற மாதிரி அதை ஆணின் முன்னால் ஆட்டிக் காட்டுவது, எழுந்து துரத்துகிறதா இல்லையா என்று குறித்துக்கொள்வது. இதையே நிறம் மாற்றி, அளவு மாற்றி, வடிவம் மாற்றி, ஏறத்தாழ 50,000 தடவை செய்தார்கள். முடிவுகள் 1942-இல் வெளியாயின.

நிறம் முக்கியமே இல்லை என்று தெரிந்தது. சிவப்போ நீலமோ பச்சையோ, எல்லாவற்றையும் துரத்தின; கருமை கூடக்கூட ஆர்வம் கூடியது. வடிவமும் பெரிதில்லை, வட்டமாக வெட்டிய காகிதம் போனாலும் ஓடின. நிஜப் பெண்ணைவிடப் பெரிய காகிதத்துக்கு இன்னும் அதிக மவுசு. நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போனால் சுமார்தான், படபடவென்று ஆடி ஆடிப் போனால் உடனே எழுந்துவிடும். இத்தனைக்கும் இந்தப் பூச்சிக்கு நிறக்குருடு கிடையாது. பசி வந்தால் அதே கண் நீலத்தையும் மஞ்சளையும் தேர்ந்தெடுத்து அதை நோக்கிப் போகிறது. பூ தேடும்போது நிறம் வேண்டும், பெண் தேடும்போது வேண்டாம். எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதை ஏமாளித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாவு சலிக்கிறவர்கள் முதலில் பெரிய கண் சல்லடையைப் போடுவார்கள் இல்லையா, அதுதான் இது. இலையைத் துரத்தினால் சில நொடிப் பறத்தல் வீண், பெண்ணைத் தவறவிட்டாலோ அந்த வாய்ப்பே போய்விட்டது. அதனால் முதல் கேள்வி ரொம்பவும் தாராளம்: கறுப்பாக, படபடத்துக்கொண்டு, பக்கத்தில் போகிறதா? அடுத்த சல்லடை பெண்ணின் கையில். இணைசேரத் தயாராக இருக்கும் பெண் கிரேலிங் தரையில் இறங்கிவிடும். வண்டும் பறவையும் அப்படி இறங்கி நிற்காது, போய்க்கொண்டே இருக்கும், ஆணும் விட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

இறங்கிய பிறகுதான் வாசனைக்கு வேலை. ஆண் சுற்றி வந்து பெண்ணுக்கு எதிரே நின்று, சிறகுகளைத் துடிக்கவைத்து, கடைசியில் முன்னால் குனிந்து ஒரு வணக்கம் போடும். அந்த நேரம் பெண்ணின் உணர்கொம்புகள் ஆணின் இரண்டு முன்சிறகுகளுக்கும் நடுவே அகப்படும். ஆணின் சிறகில் மணம் சுரக்கும் செதில்கள் இருப்பது சரியாக அந்த இடத்தில். டின்பெர்கன் குழு சில ஆண்களுக்கு அந்த இடத்தை அரக்குப் பூசி அடைத்துப் பார்த்தது, வேறு சிலவற்றுக்கு சிறகின் வேறு பகுதியில் அதே அரக்கு. மணம் அடைபட்டவைதான் அதிகமாகத் தோற்றன. அதாவது ஆண் தேர்வு எழுதுகிறது, பெண் திருத்திக்கொண்டிருக்கிறது.

சரி, எல்லாப் பட்டாம்பூச்சிக்கும் இதே விதியா? இல்லை. நம் கண்ணையும் அவ்வளவாக நம்பக் கூடாது. முட்டைக்கோஸ் தோட்டங்களில் பறக்கும் வெள்ளைப் பூச்சியில் ஆணும் பெண்ணும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். ஜப்பானில் ஒபாரா என்ற ஆய்வாளர் 1970 வாக்கில் காட்டியது: அங்குள்ள இனத்தில் பெண்ணின் சிறகு புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது, ஆணின் சிறகு விழுங்கிவிடுகிறது. புற ஊதாவைப் பார்க்கும் கண்ணுக்கு ஒன்று பளிச், மற்றது இருட்டு. பட்டாம்பூச்சிக்கு அந்தக் கண் உண்டு, நமக்கு இல்லை.

தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் காடுகளின் ஹெலிகோனியஸ் இனங்கள் இன்னொரு ரகம். சிறகின் வண்ணம்தான் பறவைகளுக்கு 'என்னைத் தின்னாதே' என்ற எச்சரிக்கை, இணை தேடும் அடையாளமும் அதே வண்ணம்தான். சிவப்புப் பட்டை போட்ட இனத்தின் ஆண் சிவப்பைத்தான் சுற்றும். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, சிவப்பு மேல் இருக்கும் இந்த ஈர்ப்பை ரெகுகால்சின்1 என்ற மரபணுவோடு இணைத்தது. அதை வெட்டிச் செயலிழக்கச் செய்தபோது ஆண்களின் காதல் முயற்சியே தடுமாறிப்போனது. கிரேலிங்குக்கு நிறம் ஒரு பொருட்டில்லை, இங்கே நிறத்தை விரும்புவதற்கென்றே மரபணு!

மணத்தின் கதையை நம் ஊரிலேயே பார்க்கலாம். காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடியிலோ தேள்கொடுக்குச் செடியிலோ நீலவரியன், வெந்தயவரியன் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்தால், பூவே இல்லாத செடியில் என்ன வேலை என்று தோன்றும். அவை தேன் குடிக்க வரவில்லை. செடியின் தண்டையும் இலையையும் சுரண்டி, அதிலிருக்கும் ஆல்கலாய்டு என்ற கசப்பான வேதிப்பொருட்களை உறிஞ்சுகின்றன. வயிற்றின் நுனியில் ஒளித்து வைத்திருக்கும் தூரிகை போன்ற மயிர்க்கற்றையில், பெண்ணின் மேல் தூவும் வாசனைப் பொருளைத் தயாரிக்க இதுதான் மூலப்பொருள். இவற்றின் அமெரிக்க உறவான குயின் பட்டாம்பூச்சியில், இந்த ஆல்கலாய்டு கிடைக்காமல் வளர்ந்த ஆண்களைப் பெண்கள் பெரும்பாலும் ஒதுக்கின; ஆய்வாளர்கள் அந்த வாசனைப் பொருளைத் தடவிவிட்டதும் நிலைமை மாறியது. அடுத்த முறை கிலுகிலுப்பையில் அந்தக் கூட்டத்தைக் கண்டால் கிட்டப்போய்ப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே ஆணாக இருக்கும்.