அடுத்தவர் குதிரை வாடி நிற்கிறது, நாம் தலையிடலாமா?

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் குதிரை வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு தென்னந்தோப்பு, கட்டிப்போட்ட ஒரு வெள்ளைக் குதிரை, விலா எலும்பு தெரிகிறது, பின்னால் யாரோ "பாவம்ல, தீனியே போடமாட்டான் போல" என்கிறார், கீழே "டாக்டர் உடனே நடவடிக்கை எடுங்க" என்று ஒரு வரி. நான் மாடு, ஆடு, நாய் பார்க்கிற கால்நடை மருத்துவர், போலீஸ் இல்லை. குமரி மாவட்டத்தில் குதிரை குறைவு, குதிரையைத் தொட்டுப் பார்த்துப் பழகிய மருத்துவர்களும் குறைவு, அதனால் இவை சுற்றிச் சுற்றி என்னிடம் வந்துவிடுகின்றன. அனுப்புகிறவர்களின் மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடியோவை வைத்து மட்டும் என்னால் எதுவும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லக் கூடாது.

ஏன் என்றால், மெலிந்த குதிரை எல்லாம் பட்டினி போட்ட குதிரை கிடையாது. குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்குதிரை முதல் இரண்டு மூன்று மாதத்தில் நல்ல தீனி போட்டாலும் இளைக்கும். வயிற்றுப்புழு இருந்தால் இளைக்கும். சர்ரா என்று ஒரு நோய், மாட்டு ஈ கடித்துப் பரவுவது, காய்ச்சல் விட்டு விட்டு வரும், கால் வீங்கும், தின்றுகொண்டே இளைக்கும். அப்புறம் வயசான குதிரையின் பல். குதிரைப் பல் வாழ்நாள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும், மெல்லும்போது ஒன்றோடொன்று தேய்ந்து சமமாக இருக்க வேண்டும். சமமாகத் தேயாவிட்டால் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ராஜாக்கமங்கலம் பக்கம் அக்கம்பக்கத்தார் புகார் சொன்ன ஒரு குதிரையைப் பார்க்கப் போனபோது, காலடியில் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தன. "சாரே, நான் பட்டினி கெடந்தாலும் இதுக்குப் போடாம இருக்க மாட்டேன், இதுதான் திங்க மாட்டேங்குது" என்று அந்த மனுஷன் சொன்னது முழுக்க உண்மை. பல்லை அராவி, ஊறவைத்த மென்தீனி கொடுக்கச் சொன்னோம், சில மாதத்தில் உடம்பு தேறியது. அவரைத்தான் ஊரே கொடுமைக்காரர் என்று பேசிக்கொண்டிருந்தது.

இதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது: குதிரை எப்படி இருக்கிறது என்று பார்த்த கையோடு, அதற்கு அந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறவரின் மெலிந்த குதிரையை விட்டுவிடலாம். யாரும் எதுவும் செய்யாமல் கிடக்கிற குதிரை கொழுத்திருந்தாலும் விடக் கூடாது.

கொழுத்த குதிரை என்று சும்மா சொல்லவில்லை. நான் பார்த்ததில் மிக மோசமான நிலையில் இருந்த குதிரைகளில் ஒன்று கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற, பளபளவென்று இருந்த ஒரு வெள்ளைக் குதிரை. எல்லாரும் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், ஒருத்தரும் எனக்கு வீடியோ அனுப்பவில்லை. அது முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தை எல்லாம் பின்னங்காலுக்குத் தள்ளி நின்றது. குளம்பு வெட்டாமல் முன்பக்கம் வளைந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. தானியமும் வெல்லமும் தாராளமாகக் கொடுத்து வளர்த்ததில் குளம்புக்குள் அழற்சி வந்து, எலும்பு இடம் மாறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் வலி. அதன் மேல் மாப்பிள்ளையை ஏற்றி, வெடி வெடித்து, நாதஸ்வரமும் பேண்டும் வாசித்து நடத்திக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே விலாவை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். குளம்பு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டப்பட வேண்டும். விரிந்து, பிளந்து, செருப்பு மாதிரி நீண்டிருந்தால் பல மாதமாக யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். நமக்கு வருஷத்தில் இரண்டு பருவமழை, சேற்றிலேயே நிற்கிற குதிரையின் குளம்படி அழுகி நாறும், பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். தண்ணீர் இருக்கிறதா? ஒரு சாதாரண நாட்டுக் குதிரைக்கே நாளுக்கு 25, 30 லிட்டர் வேண்டும், வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூட. வாளி காய்ந்திருந்தாலோ பாசி பிடித்திருந்தாலோ அதுவே பெரிய சாட்சி. கயிறு எவ்வளவு நீளம், படுக்க முடிகிறதா, தளை போட்ட இடத்தில் புண் இருக்கிறதா, முகக்கயிறு தோலுக்குள் இறங்கியிருக்கிறதா. லத்தி (குதிரைச் சாணம்) புதிதாகக் கிடக்கிறதா. குதிரை நின்றுகொண்டே தூங்கும், பின்னங்கால் ஒன்றை மடக்கி ஓய்வு கொடுக்கும், இதைப் பார்த்துவிட்டுக் கால் ஒடிந்துவிட்டது என்று ஃபோன் செய்யாதீர்கள். முன்னங்காலை அப்படித் தூக்கி வைத்திருந்தால்தான் வலி.

உடம்பை அளக்கவும் ஒரு முறை இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹெனெக்கே என்பவர் உருவாக்கினார், ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். கழுத்து, முதுகுத் திமில் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு), தோள், விலா, இடுப்பு, வால் அடி என்று ஆறு இடத்தைத் தடவிப் பார்த்துப் போடுவது. விலா லேசாகத் தெரிவது நான்கு, அது ஆபத்தில்லை, ஓடுகிற குதிரை பலதும் அப்படித்தான் இருக்கும். இடுப்பெலும்பும் முதுகுத் தண்டும் வால் அடியும் துருத்தி, கழுத்தில் சதையே இல்லாமல் போனால்தான் ஒன்று, இரண்டு. அந்த நிலைக்கு ஒரு வாரத்தில் வராது.

சரி, ஏன் இப்படி ஆகிறது? கெட்ட மனசு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் பணமும் அறியாமையும்தான். கடற்கரைச் சவாரிக்கு லீவு நாட்களிலும் சபரிமலை சீசனிலும்தான் வருமானம். கல்யாணக் குதிரைக்கு ஆடியிலும் மார்கழியிலும் வேலை இல்லை, தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணங்களும் கிடையாது. குதிரை மட்டும் பன்னிரண்டு மாதமும் தின்னும். 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ உலர்தீனி வேண்டும், வெறும் பச்சைப்புல் என்றால் 25 கிலோவுக்கு மேல். அது கட்டுப்படியாகாதபோது வைக்கோலைப் போடுகிறார்கள். மாடு அசைபோட்டு வைக்கோலிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. வயிறு நிறையும், உடம்பு காயும், தண்ணீரும் குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். கடற்கரையில் தீனியை மணலிலேயே கொட்டுவது இன்னொரு பழக்கம். மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். கொஞ்சம் லத்தியைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் மணல் தங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், குதிரைக்காரர்களிடம் நான் செய்துகாட்டுவது இதைத்தான். திட்டினால் கேட்காதவர்கள் இதைப் பார்த்ததும் ஒரு பழைய தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

ஆகவே பேசுங்கள். "ஏன்யா இப்படி வச்சிருக்க?" என்று ஆரம்பித்தால் அன்றோடு கதவு மூடிவிடும். "அண்ணே, குதிரைக்கு என்ன வயசு? குட்டி போட்டிருக்கா? பல்லு யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அக்கறை உள்ளவர் பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசுவார், எந்த டாக்டர், என்ன ஊசி, எவ்வளவு செலவு என்று எல்லாம் வரும். பார்த்துக்கொள்கிற பையனுக்கு எதுவும் தெரியாமல், முதலாளி வேறு ஊரில் இருந்து, ஃபோனையும் எடுக்காமல் இருந்தால் அப்போது சந்தேகப்படுங்கள். புல் கட்டு ஒன்று வாங்கித் தரட்டுமா, டாக்டரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டால் எப்படி முகம் மாறுகிறது என்பதிலும் நிறையத் தெரியும். குதிரைக்காரரோடு உங்களுக்கு ஏற்கெனவே நிலத்தகராறோ வழித்தகராறோ இருந்தால் நீங்கள் பேசாமல் வேறு ஒருவரை அனுப்புவது நல்லது. இப்படிப்பட்ட புகார்களில் சில அங்கேதான் முளைக்கின்றன, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்தவர் குதிரைக்கு நீங்களாகத் தீனி போடாதீர்கள். பாவப்பட்டு ரொட்டியும் பழைய சோறும் வெல்லமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். உண்மையிலேயே பல வாரம் பட்டினி கிடந்த குதிரையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: காணமோ (கொள்ளு) தானியமோ வயிறு முட்டக் கொடுத்தால் ரத்தத்தில் இன்சுலின் ஏறி, பாஸ்பரஸ் முதலான உப்புகள் சட்டென்று இறங்கி, சில நாளில் இதயம் நின்று செத்துப்போகும். பட்டினியில் சாகாததை நாம் சோறு போட்டுக் கொன்றதாக ஆகும். அப்படிப்பட்ட குதிரைக்கு நல்ல உலர்புல்லோ குதிரைமசால் என்கிற தீவனப்பயிரோ கொஞ்சம் கொஞ்சமாக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மருத்துவர் சொல்லும் கணக்கில் கொடுத்து, பத்து நாள் போலத்தான் அளவைக் கூட்ட வேண்டும். தண்ணீர் வைப்பது வேறு, சுத்தமான தண்ணீர் வைத்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

அதே மாதிரி ராத்திரியில் அவிழ்த்துக்கொண்டு போவது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் சட்டத்தில் அது திருட்டு, அடுத்தவர் வளாகத்துக்குள் நுழைந்தால் அத்துமீறலும் சேர்ந்துவிடும், குதிரைக்காரர் புகார் கொடுத்தால் நீங்கள்தான் ஸ்டேஷனில் உட்கார வேண்டிவரும்.

பேசிப் பார்க்க நேரம் இல்லாத நிலைமைகளும் உண்டு. விழுந்து எழ முடியாமல் கிடக்கிறது, வேர்த்துக் கொட்டிப் புரண்டு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, ஒரு காலை ஊன்றவே முடியவில்லை, புண்ணில் புழு. உடம்பு மரக்கட்டை போல விறைத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு வந்து கண்ணை மூடுகிறது என்றால் அது பெரும்பாலும் டெட்டனஸ், குதிரைக்கு ரொம்ப எளிதாக வருவது. இங்கே உரிமையாளரைத் தேடிக்கொண்டிருக்காமல் 1962-க்கு அடித்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஆள் அனுப்புங்கள், ஒருவர் அங்கேயே நிற்கட்டும். மூக்கில் சீழ் வடிந்து உடம்பில் கட்டிகள் இருந்தாலோ, நாய் கடித்த குதிரை எச்சில் வடித்து வெறி பிடித்தாற்போல நடந்தாலோ பக்கத்திலேயே போகாதீர்கள். கிளாண்டர்ஸ், வெறிநோய் இரண்டும் மனிதருக்கும் வரும், உயிரை எடுக்கும்.

பேசியும் பலன் இல்லை என்றால் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-ன்படி போதுமான தீனி, தண்ணீர், இடம் கொடுக்காமல் இருப்பதும், நோயாலோ புண்ணாலோ வேலைக்கு லாயக்கில்லாத விலங்கை வேலை வாங்குவதும், காரணமில்லாமல் கைவிடுவதும் குற்றம். அபராதம் முதல் முறைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சிரிக்காதீர்கள், அப்படியேதான் எழுதியிருக்கிறது. இதில் உபயோகமானது பிரிவு 34: குற்றம் நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், கான்ஸ்டபிளுக்கு மேல் பதவியில் உள்ள போலீஸ் அதிகாரி விலங்கைக் கைப்பற்றி மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். வேண்டுமென்றே அடித்து ஊனமாக்கினாலோ கொன்றாலோ இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, ஐந்து வருஷம் வரை சிறை. வண்டிக் குதிரைக்கு 1965-ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன, நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது, முள் வைத்த கடிவாளம் கூடாது, 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை ஓட்டக் கூடாது. நம்ம கடற்கரையில் வெயில் அந்த அளவுக்குப் போகும் நாட்கள் குறைவுதான், ஆனால் இங்கே காற்றின் ஈரத்தில் வேர்வை காயாது, 33 டிகிரியிலேயே குதிரை திணறும். அதற்கு விதியில் இடம் இல்லை.

புகாரை எழுத்தில் கொடுங்கள். சாலையில் நின்று, தேதி தெரிகிற மாதிரி, வெவ்வேறு நாளில் எடுத்த படங்கள் வேண்டும், அதில் காய்ந்த வாளியும் குளம்பும் கயிறும் இருக்கட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதி சொல்கிறது, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நகல், கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு நகல். கைப்பற்றிய பிறகு குதிரையை எங்கே கட்டுவது, யார் தீனி போடுவது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் கட்டினால் அது இன்னொரு பட்டினி.

வீடியோவை ஊருக்கெல்லாம் பரப்புவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வைத்துக்கொள்ளவே வேண்டாம். பரவிய அன்று ராத்திரியே குதிரையை லாரியில் ஏற்றிவிடுவார்கள். களியக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம், வேறு போலீஸ். அதன் பிறகு அந்தக் குதிரைக்கு யாராலும் மருந்து கொடுக்க முடியாது.

உரிமையாளர் ஒத்துக்கொண்டு சிகிச்சை ஆரம்பித்துவிட்டார் என்றால், ஒரு வாரத்தில் மறுபடி எனக்கு ஃபோன் போட்டு "டாக்டர், இன்னும் எலும்பு தெரியுதே" என்று கேட்காதீர்கள். சதை பிடிக்க நான்கு ஐந்து மாதம் ஆகும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளரும், கெட்டுப்போன முன்குளம்பு முழுக்கப் புதிதாக இறங்க கிட்டத்தட்ட ஒரு வருஷம். இடையில் லாடம் அடிப்பவர் வந்துபோனாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கிறது, ஒரு குதிரைக்காக வர மாட்டார்கள். பக்கத்தில் இரண்டு மூன்று குதிரைக்காரர்களைச் சேர்த்து ஒரே நாளில் வரவழைத்தால் வண்டிச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.